கோடை முடிவில் பறவைகள் எங்கே போகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குளிர் நாடுகளில் கோடை முடியும் சமயத்தில் பாடும் பறவைகளைக் காணோமே என்ற கவலை பலருக்கும் எழுகிறது. சத்தம் குறைவதும் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. இணை தேடவும் எல்லையைக் காக்கவும்தான் பறவை பெரும்பாலும் பாடுகிறது. இனப்பெருக்கம் முடிந்ததும் அந்தத் தேவை குறைந்துவிடுகிறது. அடுத்து இறகுதிர்ப்பு தொடங்கும். சிறகின் பெரிய இறகுகள் சிலசிலவாக உதிர்ந்து மீண்டும் முளைக்கப் பல வாரங்கள் ஆகும். பறப்பதே சிரமம் என்பதால் புதருக்குள் பதுங்கியிருக்கும். சில இனங்கள் வேறு இடங்களுக்கு வலசையும் கிளம்பிவிடும்.

சரிவு உண்மைதானா என்று அறிய, விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரே இடத்தில் நின்று 15 நிமிடம் எண்ணுங்கள். சென்ற மாதத்தோடு அல்ல, சென்ற ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். எதுவும் தென்படாத நாளையும் குறியுங்கள். அதை விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

பறவை குறைந்ததென்று தீனியை அள்ளி வைப்பது ஆபத்து. நனைந்த தானியத்திலும் அழுக்குத் தண்ணீரிலும் நோய் பரவும். இறகை உப்பவைத்து, அலகோரம் எச்சில் வடிய, விதையை விழுங்கத் திணறும் பறவை ஒன்றைக் கண்டாலும் தீனியையும் தண்ணீரையும் குறைந்தது 2 வாரம் நிறுத்துங்கள். நோயில்லாத இடத்தில் 3 செ.மீ. ஆழமுள்ள சொரசொரப்பான தட்டில் தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். தானியம் தின்னும் பறவைகளில் பலவும் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன.

இப்படிக்கு,
பறவை நோக்கர் ஒருவர்