இரண்டாவது மிடறு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோசம். அவரது முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, மற்றப்படி சுகம். சித்திரையில் பெய்த மழை கிணற்றைக் காப்பாற்றிவிட்டது. முற்றத்து மாமரம் இந்த முறை காய்த்த காய்ப்புக்குக் கொப்புகளுக்கெல்லாம் முண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி, புதிய சுவைப் பானம் ஒன்றைக் கண்டால் ஏன் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். கொக்கா கோலா நிறுவனம் ராஸ்பெரிச் சுவையும் கறிச்சரக்கு வாசனையும் கலந்த ஒரு பானத்தை 2024 பெப்ரவரியில் உங்கள் கனடாப் பக்கம் இறக்கியது. நிரந்தரமாக விற்கப்போகும் சுவை என்று அறிவித்துத்தான் இறக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்தப்போவதாகவும் அவர்களே அறிவித்தார்கள். உன் வேலையிடத்தில் அதைத் திறந்தபோது ஒருவர் இருமல் மருந்து என்றார், இன்னொருவர் நத்தார்க் கேக் என்றார், அதற்குப் பிறகு ஒருவரும் வாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். நத்தார்க் கேக் என்று சொன்னவர் என் பார்வையில் நல்ல ரசிகர். மற்றவரும் பொய் சொல்லவில்லை. சிறு வயதில் அந்தப் பழச்சுவையை மருந்துப் போத்தலில் மட்டுமே கண்டவருக்கு நினைவு அங்கேதான் ஓடும்.

இதே போன்ற ஒன்று எங்கள் வீட்டிலும் நடந்தது. சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அக்காவின் பேரப்பிள்ளைகள் உங்கள் ஊரிலிருந்து வந்தபோது ரூட் பியர் என்ற மதுவில்லாச் சோடா டின்கள் சில கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் அதை அமிர்தம் மாதிரிக் குடிப்பார்களாம். முதல் டின்னைத் திறந்ததும் வீட்டில் எழுந்த மணத்தை நீ அறிவாய். அம்மா குவளையை மூக்கருகே பிடித்துவிட்டு, "இதை முழங்காலில் பூசுவதா, குடிப்பதா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு மாமி ஒரு மிடறு எடுத்ததோடு குவளையைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. தாங்கள் ஆசையாகக் கொண்டு வந்ததை இங்கே எல்லோரும் முகம் சுளித்துப் பார்த்தால் அவர்களும் என்ன செய்வார்கள்?

அம்மாவின் மூக்கில் ஒரு பிழையும் இல்லை. ரூட் பியருக்கு முன்பு ஆதாரமாக இருந்தது சசாபிராஸ் என்ற மரத்தின் வேர். அதிலுள்ள சாப்ரோல் என்ற பொருளை உணவில் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கா 1960இல் தடை விதித்தது. இன்று அந்த மணத்தில் பெரும் பங்கு வின்டர்கிரீன் என்ற செடியுடையது. அதன் உயிர்ப்பொருள் மெதைல் சலிசிலேட். நாங்கள் சுளுக்குக்கும் மூட்டு நோவுக்கும் தேய்க்கும் தைலங்களில் இருப்பதும் அதுவே. அமெரிக்கப் பிள்ளைக்கு அது பிறந்தநாள் விழாவின் மணம். எங்களுக்கு நோயாளியின் அறை.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு குவளையை மறுபடி எடுத்தார். மெதுவாக இன்னொரு மிடறு குடித்தார். "அடியில் நன்னாரி மாதிரி ஒன்று கிடக்கிறது" என்றார். நான் திகைத்துப்போனேன். ரூட் பியரில் சார்சபரிலா வேரும் சேர்ப்பது பழைய வழக்கம். சார்சபரிலாவும் எங்கள் நன்னாரியும் வேறு வேறு குடும்பத்துக் கொடிகள்தான். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய மருத்துவர்கள் சார்சபரிலாவுக்குப் பதிலாக நன்னாரி வேரைப் பயன்படுத்தினார்கள். எண்பது கடந்த ஒரு கிழவி, புத்தகம் எதையும் புரட்டாமல், இரண்டாவது மிடறில் அந்த உறவைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த இரண்டாவது மிடறுக்காகத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறுநாள் பிள்ளைகளின் முறை. கோயிலால் வந்த களைப்புக்குச் சந்திக் கடையில் எல்லோருக்கும் கிரீம் சோடா வாங்கிக் கொடுத்தேன். பச்சை நிறத்தைக் கண்டதும் சின்னவன், "தேசிக்காயா?" என்று கேட்டான். கனடாவில் அவன் குடிக்கும் கிரீம் சோடா இளஞ்சிவப்பு நிறமாம். குடித்த பிறகும் புளிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டும் வனிலாச் சுவைதான்; புளிப்புக்கு அங்கே பெரிய இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடி என்றேன். அப்படியே குடித்துவிட்டு, "இது எங்கள் வீட்டுச் சோடாதான்" என்று துள்ளினான்.

பிரான்சின் போர்தோ நகரில் மூன்று ஆய்வாளர்கள் இதைத் திராட்சை மதுவில் செய்து பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். மது தயாரிப்புப் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை மதுவை வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். படிப்பே அதுவாக இருந்தவர்களைக் கண் அப்படி இழுத்துச் சென்றது என்றால், திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளை என்ன செய்வான்? கடைக்காரர் புதிய நிறப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்ததுமே வாங்குபவர்களின் முகத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நான் பல முறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கூட வந்தவர் முகம் சுளித்தால் அடுத்தவரும் சுளிக்கிறார். தனியாக வந்து வாங்குபவர் பெரும்பாலும் போத்தலை முழுவதும் குடித்து முடிக்கிறார்.

நிறுவனங்களும் முதல் மிடறை நம்பித்தான் ஏமாறுகின்றன. நாங்கள் உயர்தர வகுப்புப் புத்தகங்களோடு திரிந்த 1985ஐ நினைத்துப் பார். அந்த ஏப்ரல் 23 அன்று கொக்கா கோலா தன் பழைய செய்முறையையே மாற்றியது. ஏறத்தாழ 2 இலட்சம் பேரிடம் சிறு குவளைகளில் கொடுத்துச் சோதித்து, பெரும்பாலானோர் புதியதையே விரும்பினார்கள் என்ற துணிவோடு செய்த மாற்றம் அது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். தொலைபேசி முறைப்பாடுகள் நாளொன்றுக்கு 1,500 வரை போயின. 79 நாட்களில் பழைய சுவை கடைக்குத் திரும்பி வந்தது. சிறு குவளையில் ஒரு வாய் குடிக்கும்போது இனிப்புக் கூடியது வென்றுவிடும். வீட்டில் போத்தல் கணக்கில் குடிக்கும்போது அந்த இனிப்பே திகட்டும். அதைவிடப் பெரிய விடயம், பழைய சுவையைப் பறிப்பதை மக்கள் தங்கள் வீட்டுப் பொருளைப் பறிப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். அதை நான் முற்றாகப் புரிந்துகொள்கிறேன். 2016 ஓகஸ்டிலிருந்து இங்கே சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட வட்டம் போடுகிறார்கள் அல்லவா? 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். அது வந்த பிறகு, "பழைய தித்திப்பு இல்லை" என்று கடை வாசலில் உண்மையான துக்கத்தோடு சொன்ன முதியவர்களை நான் கேட்டிருக்கிறேன். நீரிழிவுக்காரர்கள் நிறைந்த ஊர் இது. சீனி குறைவது நல்லதே. இருந்தும் அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஜப்பான்காரர் விடயம் வேறு. அங்கே பெப்சி 2007இல் வெள்ளரிக்காய்ச் சுவையிலும், 2009இல் ஷிசோ என்ற இலையின் சுவையிலும், பிறகு அசுகிச் சிவப்புப் பயற்றின் சுவையிலும் பானங்களை விட்டது. எல்லாம் கொஞ்சக் காலத்துக்கு மட்டும். மக்களும் அதைத் தெரிந்துகொண்டே வாங்கினார்கள். பயற்றுச் சோடா என்றதும் உலகம் முழுவதும் சிரித்தார்கள். பயற்றம் பணியாரம் தின்று வளர்ந்த எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. கிடைத்திருந்தால் ஆசையோடு குடித்திருப்பேன். 2003இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் சோடா என்ற நிறுவனம் வான்கோழி இறைச்சிக் குழம்புச் சுவையில் சோடா விட்டதே, அதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்தவருக்குக் குடிக்கக் கொடுத்து அவர் முகம் கோணுவதைப் பார்ப்பதற்காகவே அதைப் பலர் வாங்கினார்கள். குடிக்கும் பொருள் ஒன்றை அருவருப்புக்காக விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் கொடுக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். எனக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

போரின்போது யாழ்ப்பாணத்துக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலம் உனக்கு நினைவிருக்கும். சீனி கிடைக்காத நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். தெற்கிலிருந்து வரும் சோடாப் போத்தல் ஒன்று கலியாண வீட்டில் கிடைத்தால் அதன் நிறம் என்ன, சுவை என்ன என்று எவரும் ஆராயவில்லை. 2002இல் தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ9 பாதை திறந்து லொறிகள் வந்தபோது பெயர் தெரியாத பானங்களை எல்லாம் சின்னஞ்சிறுசுகள் சந்தேகமின்றிக் குடித்தார்கள். அந்தச் சின்னஞ்சிறுசுகள்தான் இன்று வளர்ந்து, புதிய சுவை ஒன்றைக் கைபேசியில் படம் பிடித்து, ஒரு வாய் குடித்து, ஓர் எண் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் வருந்துவது வேறொன்றுக்கு. இந்தப் பங்குனியில் வடமராட்சியிலிருந்து ஒரு நண்பர் விடியற்காலையில் இறக்கிய கருப்பணி, அதாவது புளிக்காத பனஞ்சாறு, கொண்டு வந்தார். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கிய நல்ல கருப்பணி. மாங்காயைச் சீவிப் போட்டு, பனையோலையில் பிளா கோலி, பழைய முறைப்படியே கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கொக்குவிலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினார்கள். ரூட் பியரைக் குடித்த மாமி காட்டிய அதே வெறுப்பு. பனை நிற்கும் காணிக்குள் பிறந்த பிள்ளைக்குப் பனஞ்சாறு அந்நியமாகிவிட்டதே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதை யார் கொடுத்தார்கள்? கடையில் இருக்கிறதா? திருவிழாவில் இருக்கிறதா?

போத்தலில் அடைப்பது இலகுவான வேலை இல்லை என்பதை அறிவேன். பாளையிலிருந்து வடியும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதில் விழுந்துவிடுகின்றன. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு போட்டால் பின்னர் அதைப் படிய வைத்து நீக்க வேண்டும், சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டும், சூடாக்கினால் அந்தப் பச்சை மணம் குறைந்துவிடும். ஆனாலும் இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் இல்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஓர் ஆண்டுகூடத் தங்காத சுவைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு துளி கிடைத்தால் போதும், மாங்காய்ப் புளிப்போடு கருப்பணியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் கொண்டு வந்துவிடலாம் என்று நான் நம்புகிறேன். முதலில் மக்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரு சுவை பழக ஓர் ஆண்டாவது கடையில் கிடக்க வேண்டும். விற்கவில்லை என்று அடுத்த மாதமே எடுத்துவிடக் கூடாது.

அன்று மூக்கைப் பொத்திய பிள்ளைகளில் ஒருத்தி மாலையில் திரும்ப வந்து, மாங்காய்த் துண்டை மட்டும் எடுத்துச் சாப்பிடலாமா என்று கேட்டாள். கருப்பணியில் ஊறிய துண்டுதான். மூன்று தின்றாள்.

நீ ஓகஸ்டில் வரப்போவதாக எழுதியிருந்தாய். திருவிழாவுக்கு நல்லது, ஆனால் அப்போது கருப்பணிக் காலம் முடிந்துவிடும். அடுத்த பங்குனிக்கு வர முடியுமா என்று யோசித்துப் பார். பள்ளி விடுமுறை ஒத்து வராவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் இருவருமாவது வாருங்கள். அந்த மாதத்தில் விமான டிக்கெட் விலை குறைவு என்று அக்காவும் சொன்னார். முடிவு செய்தால் தை மாதத்துக்குள் எழுது; வடமராட்சி நண்பரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வரும்போது அம்மாவுக்கு இரண்டு ரூட் பியர் டின் கொண்டு வா. அவரே கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்