போல் மார்ட்டினின் கப்பல்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கனடாவின் முன்னாள் பிரதமர் போல் மார்ட்டின் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் இருக்கும் நன்றியுணர்வு அதில் நன்றாகத் தெரிகிறது. அது நியாயமானதுதான். 2000 மே மாதம், நிதியமைச்சராக இருந்தபோது, ரொறன்ரோவில் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று வைத்த இராப்போசனத்துக்கு வந்து, அதற்காக எதிர்க்கட்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். சுனாமிக்குப் பிறகு கனடிய இராணுவத்தின் அனர்த்த உதவிப் பிரிவு அம்பாறையில் நின்று குடிநீர் சுத்திகரித்துக் கொடுத்ததும் அவருடைய ஆட்சியில்தான். இதையெல்லாம் நாங்கள் மறக்கக் கூடாது. ஆனால் வியாபாரத்தில் வென்றவர் என்பதால்தான் நாட்டின் கணக்கையும் அவரால் நேராக்க முடிந்தது என்று கட்டுரை முடிகிறதே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில், அவர் வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் என்பது பாதி உண்மைதான். 1938இல் ஒன்ராறியோவின் வின்ட்சரில் பிறந்த அவர் வளர்ந்தது ஒரு அமைச்சரின் வீட்டில். தகப்பன் போல் மார்ட்டின் சீனியர் நான்கு பிரதமர்களின் கீழ் அமைச்சராக இருந்தவர். லிபரல் கட்சித் தலைமைக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றவர். சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1957இல், மாகாணங்களின் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். இன்றைக்கு நாங்கள் கார்டை மட்டும் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்கிறோமே, அதற்கு அத்திவாரம் போட்டவர்களில் ஒருவர். மகனுக்கு எட்டு வயதில் போலியோ வந்தது. தகப்பனுக்கும் சின்ன வயதில் வந்த அதே நோய். மகன் சட்டம் படித்துவிட்டு மொன்றியலில் பவர் கோர்ப்பரேஷனில் சேர்ந்து, 1973இல் அதன் கப்பல் கொம்பனியான கனடா ஸ்டீம்ஷிப் லைன்ஸின் தலைவரானார். 1981இல் ஒரு பங்காளியோடு சேர்ந்து, பெருங்கடன் பட்டு, அந்தக் கொம்பனியையே வாங்கிவிட்டார்.

அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பேரேரிக் கப்பல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலக்கரியோ உப்போ இரும்புத் தாதோ ஏற்றி வரும் கப்பல், சரக்கை இறக்கக் கரையில் கிரேன் தேடுவதில்லை. சரக்கறைகளுக்கு அடியில் நீளத்துக்கு ஒரு பட்டை ஓடுகிறது. கதவுகளைத் திறந்துவிட்டால் சரக்கு பட்டையில் விழுந்து மேலே ஏறி, கப்பலிலிருந்து கரைப் பக்கம் நீளும் கைவழியாகக் கொட்டுகிறது. இந்த வகைக் கப்பல்களைக் கடலுக்கும் கொண்டுபோய் உலக அளவில் தொழில் நடத்தியது மார்ட்டினின் கெட்டித்தனம். 1988இல் மொன்றியலின் லசால்-எமார் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனபோது அவர் செல்வந்தர். 1990இல் கட்சித் தலைமைக்கு நின்று ஜோன் கிரெட்சியனிடம் தோற்றார். 1993இல் அதே கிரெட்சியனின் நிதியமைச்சரானார்.

அப்போது நாட்டின் பற்றாக்குறை சுமார் 42 பில்லியன் டொலர். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. 1995 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அவர் வெட்டிய வெட்டை அந்த ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரச வேலைகளில் 45,000 இல்லாமல் போகும் என்று அறிவித்தார். சுகாதாரம், கல்வி, சமூக உதவிக்கு மாகாணங்களுக்குப் போன காசை ஒன்றாகக் கட்டிக் குறைத்தார். 1997-98இல் பற்றாக்குறை தீர்ந்தது, உண்மை. ஆனால் சுமையின் பெரும்பகுதி மாகாணங்களின் தலையில் இறங்கியது. ஒன்ராறியோவில் 1995இல் மைக் ஹரிஸ் அரசு வந்து சமூக உதவிப் பணத்தை 21.6 வீதம் வெட்டியது. அகதியாக வந்து இறங்கி, அந்தக் காசில் வாடகை கட்டிக்கொண்டிருந்த எங்கள் குடும்பங்கள் எத்தனை! தகப்பன் கட்டிய சுகாதார ஏற்பாட்டுக்கு மகனே காசைக் குறைத்தார் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். பிரதமரான பிறகு, 2004இல், பத்து ஆண்டுகளுக்கு 41 பில்லியன் டொலர் சுகாதாரத்துக்குத் தருவதாக மாகாணங்களோடு ஒப்பந்தம் போட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் செய்ததில் காலம் கடந்து நிற்பவை எவை? 1998இல் றோயல் வங்கியும் மொன்றியல் வங்கியும் இணையப்போவதாக அறிவித்தன. பின்னாலேயே சி.ஐ.பி.சி., ரி.டி. என்ற வேறு இரண்டு பெரிய வங்கிகளும் அப்படியே வந்தன. வியாபார உலகம் முழுக்க ஓம் சொல்லும் என்று எதிர்பார்த்திருந்தது. டிசம்பரில் மார்ட்டின் இரண்டு இணைப்புகளையும் மறுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தபோது கனடாவில் ஒன்றும் சரியவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த மறுப்பும் ஒன்று. அப்புறம் கனடா ஓய்வூதியத் திட்டம். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டும் தொகை 6 வீதத்துக்குக் கிட்ட இருந்ததை 9.9 வீதம் வரை உயர்த்த மாகாணங்களையும் இணங்க வைத்தார். சம்பளப் பட்டியலில் கூடுதலாகக் காசு கழிந்தபோது திட்டாதவர்கள் இல்லை. இன்றைக்கு எங்கள் வயதுக்காரர்களுக்கு மாதாமாதம் காசு வருகிறது. இரண்டும் வியாபாரிகள் கேட்டதற்கு எதிர்த்திசையில் எடுத்த முடிவுகள். பொது நன்மை எது என்று நிதானித்துப் பார்த்த அரசியல்வாதி எடுத்தவை.

வியாபாரியாக அவர் இருந்த இடத்திலோ கறைதான் மிஞ்சியது. நிதியமைச்சராக இருந்த எட்டரை ஆண்டுகளும் கப்பல் கொம்பனி அவருடையதே. அதை வேறு ஆட்கள் நடத்தும் தனியான மேற்பார்வை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார் என்றார்கள். ஆனால் கொம்பனியில் பெரிய விஷயங்கள் வரும்போது அவருக்குத் தெரியப்படுத்த அந்த ஒப்பந்தமே இடம் கொடுத்தது. அப்படிப் பல தடவை நடந்தும் இருக்கிறது. வெளிநாட்டு வருமானத்துக்கான வரி ஓட்டைகளை அடைத்த நிதியமைச்சின் காலத்தில் பார்படோஸ் வழி மட்டும் திறந்தபடி இருந்தது. அவருடைய கொம்பனியின் சர்வதேசக் கிளை அங்கே போனது. 2002இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ துறைமுகத்தில் அந்தக் கொம்பனிக் கப்பலின் மாலுமிகள், கொடியை மாற்றி உக்ரேனிய மாலுமிகளை ஏற்றுவதை எதிர்த்து, கப்பலை விட்டு இறங்க மறுத்து உள்ளேயே இருந்தார்கள். மத்திய அரசிடமிருந்து அந்தக் கொம்பனிக்குக் கிடைத்த காசு எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது முதலில் வந்த பதில் 137,000 டொலர். 2004 ஜனவரியில் திருத்திச் சொன்ன தொகை 161 மில்லியன் டொலர்! அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிலை அவர் தயாரிக்கவுமில்லை. ஆனால் பிரதமராகும் தறுவாயில், 2003இல், கொம்பனியை மூன்று மகன்களுக்குக் கைமாற்றினார். பிரதமராக வருபவர் கைகழுவ வேண்டிய சொத்து, நிதியமைச்சராக இருந்தவரின் கையில் எப்படி இருக்கலாம்?

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். இன்றைய பிரதமர் மார்க் கார்னி, புரூக்ஃபீல்ட் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தில் தலைவராக இருந்தவர். அவருடைய சொத்தும் பிளைன்ட் ட்ரஸ்டில்தான், அதாவது உரிமையாளருக்குச் சொல்லாமல் வேறொருவர் நிர்வகிக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மார்ட்டின் நிதியமைச்சராக இருந்த காலத்துக்குப் பிறகு தனிச் சட்டமும் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஆணையாளரும் வந்திருக்கிறார்கள், நல்லது. ஆனாலும் என் நிலைப்பாடு இதுதான்: அமைச்சரவையில் உட்கார வருபவர் தொழிலை விற்றுவிட்டு வர வேண்டும். பூட்டி வைத்தால் போதாது. என்ன பூட்டியிருக்கிறது என்று பூட்டியவருக்குத் தெரியும்.

சரி, அவருடைய வியாபார அனுபவம் நாட்டுக்கு எங்கேயுமே பயன்படவில்லையா? பயன்பட்டது. 2005 நவம்பரில் கெலோனாவில் முதற்குடி மக்களின் தலைவர்களையும் மாகாண முதல்வர்களையும் உட்கார வைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்து பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கும் உடன்பாட்டை எட்டினார். சில நாட்களில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ஹார்ப்பர் அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை. மார்ட்டின் தோற்று வெளியேறிய பிறகு அந்த வேலையை விடவில்லை. தண்டர் பேயில், வடக்கே தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வரும் முதற்குடிப் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில், ஒரு தொழில் தொடங்குவது எப்படி, கணக்கு வைப்பது எப்படி, முதல் தேடுவது எப்படி என்று கற்பிக்கும் பாடத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கப்பல் கொம்பனியில் கற்றதை லாப நட்டக் குழப்பம் எதுவுமில்லாமல் கொடுக்க முடிந்த இடம் அதுதான். அந்தப் பள்ளியைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ