காட்டுக் கழுதையைத் துரத்திப் படம் எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலம் வந்தாலே உங்கள் சுற்றுலாப் பக்கங்களில் குஜராத்தின் உப்புப் பாலைவனமான கட்ச் ரண் வந்துவிடும். தோர்டோவின் வெள்ளை உப்பு வெளி, பௌர்ணமி நிலா, ரண் உத்சவக் கூடாரங்கள். அழகுதான், நானும் அங்கே போய் வாய் பிளந்து நின்றவள்தான். ஆனால் படித்துவிட்டுக் கிளம்புகிற நம்மவர்கள் பலர் புஜ்ஜில் இறங்கி, ஒரு ராத்திரி தங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாளே ஊர் திரும்பிவிடுகிறார்கள். காட்டுக் கழுதைகள் வாழும் சின்ன ரண் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே போகிற கொஞ்சப் பேரும் நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஜனவரியில் சின்ன ரண் ஓரத்தில் உள்ள தசாடா பக்கம் தங்கி, விடிகாலையில் ஜீப்பில் ரண்ணுக்குள் போனோம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற இடம், இப்போது வெடித்துக் காய்ந்த களிமண் தரை, கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம் கிடையாது. தூரத்தில் ஒரு மேட்டில் பத்துப் பன்னிரண்டு காட்டுக் கழுதைகள். அங்கே குட்கர் என்கிறார்கள். கழுதை என்றதும் நம் மனதில் வரும் உருவமே வேறு, இது வெளிர் செம்மண் நிறம், வெள்ளை வயிறு, பிடரியிலிருந்து வால் வரை முதுகில் ஓடும் கரும்பழுப்புக் கோடு, குதிரை போல நிமிர்ந்த கழுத்து. எங்கள் ஓட்டுநர் நூறடிக்கு முன்பே என்ஜினை அணைத்துவிட்டார். அவை எங்களைப் பார்த்தன, காதை ஆட்டின, அப்புறம் மேயத் தொடங்கின. ஒரு குட்டி தாயின் விலாவில் தலையை முட்டிக்கொண்டே நடந்தது.

அப்போதுதான் இன்னொரு ஜீப் நேராகக் கூட்டத்துக்குள் வந்தது. ஏறி நின்று கத்தியவர்கள் பேசியது தமிழ். 'விடாத, விடாத, ஓட விட்டு எடு' என்றார்கள். கூட்டம் சிதறி ஓடியது. மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய விலங்குதான், ஆனால் அந்தக் குட்டியால் தாயோடு ஓட முடியவில்லை, தனியாக வேறு பக்கம் திரும்பி ஓடிப் புழுதிக்குள் மறைந்துபோனது. தாயும் குட்டியும் மறுபடி சேர்ந்ததை நாங்கள் கிளம்பும்வரை பார்க்கவில்லை. அந்த வீடியோ இந்நேரம் யாருடைய ஸ்டேட்டஸிலாவது வந்திருக்கும்.

1960களில் நோய் பரவி, இந்தக் கழுதைகள் சில நூறாகக் குறைந்திருந்தன. பிறகு கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கிக் காப்பாற்றி, 2020 கணக்கெடுப்பில் 6,082, 2024இல் 7,672 என்று ஏறியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட உயிரை ஒரு நிமிட வீடியோவுக்காக விரட்டலாமா?

இன்னொரு விஷயம். ரண்ணில் கழுதை மட்டும் இல்லை. பகலில் புல்லுக்குள் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் குட்டைக்காது ஆந்தையை, ஓட்டுநர் கையை நீட்டிக் காட்டிய பிறகும் இரண்டு நிமிடம் நான் தேடினேன். பாலைவன நரி வளை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் நிற்கிற இடங்களில் பூநாரைகள். நமக்குத் தெரிந்த சீமைக்கருவேலம் அங்கேயும் இருக்கிறது, அவர்கள் அதைப் பைத்தியக் கருவேலம் என்கிறார்கள். கழுதைகள் அதன் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன, அதனால் புல்வெளி சுருங்குகிறது என்ற கவலையும் அங்கே இருக்கிறது.

அப்புறம் அகரியாக்கள். உப்பு எடுப்பவர்கள். மழை முடிந்து தரை காய்ந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் குடியேறி, நிலத்தடி உப்புநீரைப் பாத்திகளுக்கு இறைத்து, அடுத்த கோடைவரை அங்கேயே இருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் டேங்கரில்தான் வரவேண்டும். நாங்கள் போன குடிசையில் ஒரு அம்மா சாசரில் டீ ஊற்றித் தந்தார். அவர் பாதத்தில் வெடிப்புகளுக்குள் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக உப்பெடுத்தும் அந்த நிலத்துக்கு அவர்களிடம் பட்டா கிடையாது, அரசுக் கணக்கில் சின்ன ரண்ணே 'சர்வே நம்பர் ஜீரோ', அதாவது அளந்து பதிவு செய்யாத நிலம்தான். அங்கே போகிறவர்கள் பாத்திக்குள் செருப்போடு இறங்கி நின்று படம் எடுக்காமல், கேட்டுவிட்டு வரப்பில் நடந்தால் போதும்.

புஜ் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிரோணா கிராமத்தில் ரோகன் என்ற துணி ஓவியம் பாருங்கள். ஆமணக்கெண்ணெயைப் பசை போலாகும்வரை காய்ச்சி, நிறம் கலந்து, உள்ளங்கையில் வைத்து இழுத்து, ஒரு கம்பியால் துணியில் நூல் மாதிரிக் கோடு விடுகிறார்கள். பாதி வரைந்து துணியை மடித்தால் மறுபாதி தானே பதிகிறது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அச்சுத்துணிக்காரர்கள் புதிதாக அமைத்துக்கொண்ட அஜ்ரக்பூரும் பக்கத்தில்தான். வாங்குவதென்றால் செய்தவர் வீட்டு வாசலிலேயே வாங்குங்கள். பேரம் பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பாருங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த முறை ரண் பற்றி எழுதும்போது வெள்ளை உப்பு வெளியோடு நிறுத்தாதீர்கள். சின்ன ரண்ணுக்குக் குறைந்தது இரண்டு காலை ஒதுக்கச் சொல்லுங்கள், விலங்கைத் துரத்தாத ஓட்டுநரைத் தேடச் சொல்லுங்கள், துரத்தினால் நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம் என்றும் போடுங்கள். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சரணாலயம் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துப் போட்டால், தெரியாமல் போய் ஏமாறுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி