லைட்டர் சூட்டில் நிமிர்ந்த உலோகம்

ஆசிரியருக்கு,

என் மகளின் பல்லில் போட்டிருப்பது நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினோல் கம்பி. வளைத்துக் கட்டினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் பல் நகர்கிறது. 1961இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடக் கூட்டமொன்றில், மடித்துவைத்த துண்டை ஒருவர் லைட்டரால் சூடாக்க, அது தானாக நிமிர்ந்ததாம்.

மென்மையான, வளையும் உடல்கொண்ட மென்ரோபோக்களுக்கு இன்று இதுவும் ஒரு தசை. மின்சாரம் பாய்ச்சினால் சூடேறிச் சுருங்கும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் வேகம் குறைவு. (நுவரெலியாக் குளிரில் சீக்கிரம் ஆறுமோ என்னவோ!)

தேயிலையின் இரண்டு இலையும் மொட்டும் நசுங்காமல் கிள்ளும் இப்படியொரு ரோபோக் கையைப் பேராதனைப் பொறியியல் மாணவர்கள் செய்து பார்க்கலாமே. ஆனால் முதலில் மலைக்கு வந்து, கொழுந்தெடுக்கும் பெண்களிடம் பேசட்டும்.

வாசகி,
ஹட்டன்