ஞாயிறு இசை கேட்பு: ஜாஸ் ஆர்கன் மூவர்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பொது அறையில் நடைபெறும் நம் இசை கேட்பில், கிட்டார், டிரம்ஸ் கலைஞர்கள் இருவருடன் மட்டும் ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் 1960இல் பதிவு செய்த ‘கிரேஸி பேபி’ இசைத்தட்டை முழுமையாகக் கேட்போம். ஹேமண்ட் பி-3 என்ற, இரு வரிசைக் கட்டைகள் கொண்ட மின் ஆர்கனின் கீழ்வரிசைக் கட்டைகளில் அவருடைய இடது கை பாஸ் வரியை (தாழ்ந்த சுரங்களின் அடியோட்டத்தை) ஓயாமல் நடத்திச் செல்ல, பாதம் மிதிகட்டையைத் தொட்டுத் தொட்டு அதற்கு அழுத்தம் கொடுக்க, வலது கை மேல்வரிசையில் தடையின்றிப் பாய்வதால், பாஸ் கலைஞர் தனியாக இல்லை என்பதே நமக்குத் தோன்றாது. மூவர் நால்வராக ஒலிக்கும் அந்த நெருக்கத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

1. கைபேசி ஒலிபெருக்கியில் முன்கூட்டியே கேட்க வேண்டாம். பாஸ் அதில் எடுபடாது.
2. 4.50க்குள் வந்து அமர்ந்துவிடுங்கள்.
3. வருவோர் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதிலளிக்க வேண்டுகிறேன்.