பணம் யார் கைக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெற நினைப்பவர்கள் பணத்தை எப்படிப் புரட்டலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சேமிப்பு, தனிநபர் கடன், வீட்டின் மேல் கடன், வேலை செய்யும் நிறுவனம் தரும் உதவி, அறக்கட்டளை நிதி என்று வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். எதுவும் தவறில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. வந்த பணம் யார் கைக்கு, எப்போது போகிறது என்பதில்தான் எங்கள் வீடு அடிபட்டது.

என் தங்கைக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வாடகைத்தாய்க்குப் பணம் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருப்பதால், அவளும் கணவரும் துணிந்து இறங்கினார்கள். கணக்கு எழுதும் வேலை எனக்கு. சிகிச்சை, வாடகைத்தாய், வக்கீல், காப்பீடு என்று நோட்டில் பக்கம் பிரித்து, கடைசியில் இரண்டே பக்கம் 'இதரம்' என்று விட்டேன். ஆறே மாதத்தில் இதரம் நிரம்பி வக்கீல் பக்கத்துக்குள் புகுந்துவிட்டது. உறைய வைத்த கருக்களுக்கு ஆண்டுக் கட்டணம், பரிசோதனைக்கு வரும் நாளில் அந்தப் பெண் இழக்கும் சம்பளம், அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், பயணச் செலவு, எல்லாம் அங்கேதான்.

முதல் தடவை கரு ஒட்டவில்லை. அது யார் குற்றமும் இல்லை. எவ்வளவு நல்ல கருவை வைத்தாலும் தங்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். நாங்கள்தான் ஒரே முயற்சிக்குக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கியிருந்தோம். கரு தங்கவில்லை, தவணை மட்டும் தேதி தப்பாமல் வந்தது. அடுத்த முயற்சிக்குத் தங்கை கணவர் ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைத்தார்.

இணையத்தில் நன்கொடை திரட்டலாம் என்றும் கட்டுரையில் இருந்தது. தங்கை அதற்கு ஒப்பவே இல்லை. "கொடுத்தவங்க எல்லாரும் 'என்னாச்சு, நின்னுச்சா'ன்னு கேப்பாங்க அக்கா" என்றாள். அந்த முதல் தோல்வி வாரத்தில் அவள் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

அப்புறம், வாடகைத்தாயைத் தேடித் தந்த அந்த இடைத்தரகு நிறுவனம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டிவிட்டோம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டால் பதில் வர மூன்று வாரம். ரசீது கேட்டால் 'நிர்வாகச் செலவு' என்று ஒரே வரி. கரு தங்கிய பிறகு, ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் வாடகைத்தாயே தங்கைக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, "இந்த மாசம் பணம் இன்னும் வரலைங்க" என்றார். நம் குழந்தையைச் சுமப்பவர் நம்மிடம் பணம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எஸ்க்ரோ கணக்கு என்று ஒன்று இருப்பதே அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பணம் நிறுவனத்திடம் போகாமல் மூன்றாம் ஆளின் பொறுப்பில் இருக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன கட்டம் வந்தால் மட்டுமே வெளியே போகும். 2009ல் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் பலருடைய பணத்தோடு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு, இடைத்தரகர்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, எஸ்க்ரோவிலோ வக்கீலின் பொறுப்புக் கணக்கிலோதான் போட வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. சட்டம் கேட்காத இடத்திலும் நாம் கேட்கலாம். என்னைக் கேட்டால், வாடகைத்தாய்க்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் அப்படி ஒரு கணக்கில் விழுந்த பிறகுதான் கருவை வைக்கவே நாள் குறிக்க வேண்டும்.

உங்கள் கட்டுரை சொன்ன கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒத்துவராது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவச் செலவும் வாடகைத்தாய்க்கு 36 மாதக் காப்பீடும் போன்றவை தவிர ஊதியம் தர முடியாது. கனடாவிலும் ஊதியம் கிடையாது, ஆன செலவை மட்டும் ரசீது பார்த்துத் திருப்பித் தரலாம். பிரிட்டனில் நியாயமான செலவு தரலாம், ஆனால் ஒப்பந்தத்தைக் கோர்ட் வழியாக அமல்படுத்த முடியாது. இத்தாலியர்கள் வெளிநாடு போய்ச் செய்தாலும் குற்றம் என்று 2024ல் சட்டம் வந்துவிட்டது. இதையெல்லாம் பார்க்காமல் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் வட்டியோடு வழக்கும் வந்து சேரும்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று. வாடகைத்தாயிடம் ஏற்கெனவே இருக்கும் பாலிசி இந்தப் பிரசவத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். குழந்தைக்குப் பிறந்த நிமிடத்திலிருந்தே காப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் குழந்தை முன்கூட்டியே பிறந்து இரண்டு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. அந்த பில்லுக்கு நோட்டில் பக்கமே இல்லை, பின்னட்டையின் உட்புறத்தில்தான் எழுதினேன்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா