ஏலே, போட்டோவ வச்சு என்னத்தச் சொல்ல

ஏலே, தொடைல அரிக்குதுன்னு நேத்து ராத்திரி நீ வாட்ஸ்அப்ல அனுப்புன மூணு போட்டோவையும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு பெருசு பண்ணிப் பாத்தேன், உங்க அம்மையும் எட்டிப் பாத்துட்டு கத்திரிக்கா தின்னுருப்பான், கரப்பான்தான்னு முடிச்சிட்டா, அவளுக்கு தோல்ல எது வந்தாலும் கரப்பான்தான். எனக்கு படர்தாமரை மாதிரி இருக்கு, ஆனா உறுதியாச் சொல்ல முடியல. ட்யூப்லைட் வெளிச்சத்துல எடுத்துருக்க, அதுல அந்த போன் வேற தோல அதுவா வெளுப்பாக்கி வழுவழுன்னு ஆக்கிருது.

குஷ்டரோக இன்ஸ்பெக்டரா முக்கூடல் ஆலங்குளம் பக்கம் சைக்கிள் மிதிச்ச காலத்துல, பள்ளிக்கூட வராண்டால காலை வெயில்ல பயலுவள சட்டையக் கழத்தி வரிசையா நிப்பாட்டி முதுகு பாப்போம். கண்ணால மட்டும் பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். நகத்தால லேசா சுரண்டுனா தவிடு மாதிரி உதிரும், அது தேமல். பால் மாதிரி பளீர்னு வெளுத்து உதிராம உணர்ச்சியும் சரியா இருந்தா வெண்புள்ளி, அது ஒட்டாது, குஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இதச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு. நாங்க தேடுத குஷ்டம் வேற, லேசா வெளுத்தோ செம்பு நிறத்துலயோ இருக்கும், அரிக்காது, கண்ண மூடச் சொல்லி பஞ்சுத் திரியால தொட்டா தொட்ட எடத்த அவங்களால விரல் வச்சு காட்ட முடியாது.

ஒரு பீடி சுத்துற அக்கா, நான் திண்ணைல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்போதே கொதிக்கிற சோத்துப்பானைய வெறுங்கையால இறக்கி வச்சுது, முகம் கூட சுளிக்கல. கையத் திருப்பிப் பாத்தா விரல் நுனியெல்லாம் பழைய தீக்காயத் தழும்பு. குஷ்டத்துக்கு 1982ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன கூட்டு மருந்துதான், இலவசமா, ஒரு வருசம் குடுத்தோம், கிருமி செத்துச்சு, போன உணர்ச்சி திரும்பல.

இன்னொண்ணு, நீ கூகுள்ல தேடிப் பாத்தேன்னு சொன்னியே, அந்தப் படமெல்லாம் பெரும்பாலும் வெள்ளக்காரன் தோலு, செக்கச்செவேல்னு தெரியும். எங்க ட்ரெய்னிங் புஸ்தகத்துலயும் அப்படித்தான். நம்ம கறுத்த தோல்ல அந்த செவப்பு ஊதாவாவோ கருப்பாவோதான் தெரியும், அதனால நெறத்த விட்டுட்டு ஓரத்தப் பாரு. படர்தாமரைன்னா வட்டத்தோட ஓரம் மேடா செதிலோட இருக்கும், நடு தெளிஞ்சிருக்கும், கண்ண மூடிட்டு தடவுனாக்கூட வரம்பு தட்டுப்படும்.

உன் போட்டோல ஓரம் மங்கிக் கெடக்கு, அங்கதான் எனக்கு சந்தேகமே. மெடிக்கல்ல கேட்டு ஏதாவது ட்யூப் வாங்கிப் போட்டியால? ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுரும், ஓரம் அமுங்கிரும், பூஞ்சை மட்டும் சொகமா பரவிக்கிட்டே இருக்கும், அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. சொல்ல வெக்கமா இருக்கு, ஊருக்கெல்லாம் தோலு பாத்த நானே போன வருசம் இடுப்புல அப்படி ஒண்ணப் போட்டுட்டு நாலு மாசம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன், உங்கிட்ட சொல்லல.

ரூம்ல கூட இருக்குத பயலுவளுக்கும் ராத்திரி அரிக்குதான்னு கேளு, விரல் இடுக்குல, மணிக்கட்டுல பொரிப்பொரியா இருந்தா அது சொறி சிரங்கு, எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போடணும், ஒருத்தன் போட்டு பிரயோஜனமில்ல. துண்ட மாத்தி மாத்தி தொடைக்காதீங்க, ஈர ஜட்டிய போடாத.

சனிக்கிழமை லீவுதான, தோல் டாக்டர்ட்ட காட்டிரு, சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரிஞ்சிரும். மாத்திரை குடுத்தா அரிப்பு நின்னதும் நிப்பாட்டாத, அவிய சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடு. இனி தொடைய போட்டோ எடுத்து அனுப்பாத, அந்த ட்யூபு மேல எழுதிருக்குத பேர மட்டும் எடுத்து அனுப்பு, அதாவது தெளிவா விழும்.

அப்பா